கடக்நாத் கோழி: நிறமும் இனமும்

மத்தியப் பிரதேசத்தின் மேற்கெல்லையில், ஜாபுவா, அலிராஜ்பூர், தார் ஆகிய ஜில்லாக்களின் குன்றுப் பகுதிகளில், பீல், பிலாலா பழங்குடி மக்கள் வழிவழியாக வளர்த்து வரும் கோழியினம் கடக்நாத் எனப்படும். அம்மக்கள் அதனைக் 'காலாமாசி' என்றும் அழைப்பர். கரிய இறைச்சியுடையது என்பது அதன் பொருள். பெயர் பொருத்தமானதே. இறகு மட்டுமன்றி அலகு, கால், தோல், நாக்கு ஆகியனவும், அறுத்துப் பார்க்குமிடத்துத் தசையும், உள்ளுறுப்புக்களும், எலும்பைப் போர்த்திய சவ்வுங்கூடக் கருமை படிந்திருக்கக் காணலாம். இரத்தம் ஏனைய கோழிகளினதைப் போன்று சிவப்பே. முட்டையும் வெளிர் பழுப்பு நிறத்ததேயாம். கறுப்பு முட்டை என்று எவரேனும் சந்தையில் விற்பாராயின், அது கடக்நாத் இட்டதன்று.

ஒரு தலைமுறைக்கு முன்னர் இக்கோழியைப் பற்றிய கவலை வேறு வகையானது. அது மறக்கப்பட்டுவிடுமோ என்பதே அன்றைய அச்சம். இன்று அது மறக்கப்படவில்லை. மாறாக, நாடெங்கும் புகழ் பெற்றுவிட்டது. 2018-ஆம் ஆண்டில் 'ஜாபுவா கடக்நாத் கருங்கோழி இறைச்சி' புவிசார் குறியீடு பெற்றது. ஜாபுவாவிலுள்ள வேளாண் அறிவியல் நிலையம் குஞ்சுகளைப் பொரித்துப் பழங்குடிக் குடும்பங்களுக்கும், பிற மாநிலத்தாருக்கும் வழங்கி வருகிறது. தமிழ் நாட்டிலும் கடக்நாத் என்ற பெயரில் கோழி வளர்ப்போர் பலர் உளர். இவையனைத்தும் மகிழ்ச்சிக்குரியன என்பதில் ஐயமில்லை. ஆயினும், ஓர் இனம் புறக்கணிப்பினால் அழிவது போலவே புகழினாலும் அழியக்கூடும். புறக்கணிப்பினால் அழியும் இனத்தின் குறைவு கண்ணுக்குப் புலப்படும். புகழினால் அழிவதோ, எண்ணிக்கை பெருகும்போதே, தன் பெயரைத் தாங்கிய வேறு பறவைகளுக்கு இடங்கொடுத்து மறைந்துவிடும். கடக்நாத்துக்கு நேரக்கூடிய ஆபத்து இவ்விரண்டாம் வகையினதாகும். அதன் காரணம் அதன் கருநிறத்திலேயே அடங்கியிருக்கிறது.

இக்கருமை எவ்வாறு பாரம்பரியமாக இறங்குகிறது என்பது நெடுநாள் முன்பே ஆராயப்பட்ட விஷயம். சீன நாட்டுக்குரிய சில்கி என்னும் கோழியும் கரிய தோலுடையது. அதனைப் பழுப்பு லெகார்ன் கோழியோடு கலந்து, பேட்சன், பன்னெட் என்னும் ஆங்கில அறிஞர் இருவர் 1911-இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். கருமையை நிர்ணயிக்கும் ஜீன்கள் இரண்டு. ஒன்று, உடலெங்கும் கரு நிறமியைப் பரப்புவது. இது ஓங்கு தன்மையுடையது. அதாவது, தாய் தந்தையருள் ஒருவரிடமிருந்து மட்டும் வந்தாலும் குஞ்சில் தன் செயலைக் காட்டிவிடும். மற்றொன்று, அந்நிறமி தோலில் படிவதைத் தடுப்பது. இதுவும் ஓங்கு தன்மையுடையதே. பால் குரோமோசோமில் அமைந்தது. சில்கியைப் போன்றே கடக்நாத்திலும் முதலாவது உண்டு, இரண்டாவது இல்லை.

பறவைகளில் சேவலுக்கு ஒரே வகைப் பால் குரோமோசோம்கள் இரண்டு உண்டு. பெட்டைக்கு அவ்வகையில் ஒன்றே உண்டு, அதனையும் அது தன் தந்தையிடமிருந்தே பெறுகிறது. ஆகவே, கடக்நாத் சேவல் ஒன்றை, தடை ஜீனுடைய வேற்றினப் பெட்டையோடு சேர்த்தால், பெண் குஞ்சுகளுக்குத் தந்தையின் தடையற்ற குரோமோசோமே வாய்க்கிறது. அவை தந்தையைப் போலவே கறுக்கின்றன. ஆண் குஞ்சுகளுக்குத் தாயின் தடை ஜீனும் வந்து சேர்வதால் அவை வெளிறி நிற்கின்றன. மாறாக, வேற்றினச் சேவலையும் கடக்நாத் பெட்டையையும் சேர்த்தால், ஆண், பெண் இரண்டுமே வெளிறியிருக்கும். தாயாக வாய்த்தது தடை ஜீன் இல்லாத, கருங்காலுடைய நாட்டுப் பெட்டையாயின், கடக்நாத் சேவலுக்குப் பிறக்கும் குஞ்சுகள் யாவுமே கறுத்துவிடும். உயிரியல் பாடத்தில் பால்வழிப் பாரம்பரியத்தை விளக்க ஆசிரியர்கள் பழ ஈயின் கண்ணையே எடுத்துக்காட்டுவது வழக்கம். கிராமத்து மாணவன் பழ ஈயின் கண்ணைக் கண்டிரான். கோழியின் காலைக் கண்டிருப்பான். இக்கலப்பையே பாடமாக்கலாம்.

அண்மைக் கால ஆராய்ச்சி இதனை மேலும் தெளிவாக்கியிருக்கிறது. கருமையைப் பரப்பும் ஜீன் கோழியின் இருபதாம் குரோமோசோமில் உள்ளது. அங்கே இரண்டு சிறு பகுதிகள் இரட்டித்து இடம் மாறி அமைந்துள்ளன என்று 2011-இல் கண்டறியப்பட்டது. அவ்வாறு இரட்டித்த பகுதியில் எண்டோதீலின்-3 என்னும் புரதத்துக்குரிய ஜீன் அமைந்திருப்பதால், கருவளர்ச்சியின்போது நிறமிச் செல்கள் மிகுதியாகப் பெருகி, வழக்கமாகச் செல்லாத உறுப்புக்களிலெல்லாம் குடியேறுகின்றன. கோழிக்குரிய குரோமோசோம்கள் 39 ஜோடிகள். அவற்றுள் சில சிறு துண்டுகளை மட்டுமே, கருமையைப் பார்க்கும் கண் காண்கிறது. எஞ்சிய அனைத்தும், அதாவது வெயிலைத் தாங்கும் வலிமை, இரை தேடும் திறமை, பருந்தைக் கண்டு பதுங்கும் சுறுசுறுப்பு, நோய் எதிர்ப்பு ஆகியவற்றுக்குரிய ஜீன்களெல்லாம், அதன் பார்வைக்கு அகப்படுவதில்லை.

இதற்கு வெளியே சான்று தேடவேண்டியதில்லை. இஸத்நகரிலுள்ள மத்தியப் பறவை ஆராய்ச்சி நிலையம், கடக்நாத்தையும் 'காரி ரெட்' என்னும் இனத்தையும் கலந்து 'காரி சியாமா' என்ற கலப்பினத்தை உண்டாக்கியது. அதன் இறகுகளில் பல நிறங்கள் கலந்திருப்பினும் கறுப்பே மேலோங்கும்; தோலும் காலும் கருஞ்சாம்பல் நிறம்; உள்ளுறுப்புக்கள் பெரும்பாலும் கருமை படிந்தவை. சியாமா ஒளிவுமறைவின்றிக் கலப்பினம் என்ற பெயருடனேயே வழங்கப்படுகிறது. புறக்கடை வளர்ப்புக்கு நல்ல பறவையும் கூட. ஆனால், பெயர் தெரியாத வியாபாரி ஒருவன் இத்தகைய பறவையைக் கூடையில் வைத்துக் கடக்நாத் என்று கூவினால், வாங்குவோருள் எத்தனை பேர் அதனை மறுத்துரைக்க வல்லவர்?

மறுத்துரைக்க இயலாத நிலையில் வியாபாரம் எத்திசையில் செல்லும் என்பதை ஊகிப்பது கடினமன்று. தூய கடக்நாத் மெதுவாக வளர்வது. மேற்கூறிய ஆராய்ச்சி நிலையத்தின் குறிப்புப்படி, இருபது வார வயதில் அதன் எடை சுமார் 920 கிராம். முட்டையிடத் தொடங்குவது சுமார் 180 நாட்களில். ஆண்டுக்கு இடும் முட்டை ஏறத்தாழ 105. கருவுற்ற முட்டைகளில் பொரிப்பவை பாதிக்குச் சற்று மேல். பண்ணைக் கோழியோடு ஒப்பிட்டால் இவை சிறிய எண்களே. அடைகாக்கும் குணமும் இவ்வினத்தில் குறைவு; பெட்டைகள் முட்டையை விட்டு எழுந்து போய்விடும். ஆகையால் கிராமங்களில் பெரும்பாலும் வேறு நாட்டுப் பெட்டையின் அடியிலேயே முட்டைகளை வைக்கின்றனர். குஞ்சுக்கு உயர்ந்த விலை கிடைக்கும் காலத்தில், விரைவில் எடை கூடும் கருங்கலப்பு ஒன்று கையிலிருக்கும்போது, மெல்ல வளரும் தூய பறவையை வைத்துக் காத்திருப்போர் சிலரே.

இப்புகழின் வேகத்தில் நேர்ந்த இன்னலும் உண்டு. 2019-இல் மகாராஷ்டிர மாநிலத்தின் சாங்கலி வட்டாரத்தில், கடக்நாத் குஞ்சுகளைக் கொடுத்து முட்டைகளைத் தாமே உயர்ந்த விலைக்கு வாங்கிக்கொள்வதாக வாக்களித்த திட்டமொன்று குலைந்து, ஆயிரக்கணக்கான குடியானவர்கள் முதலை இழந்தனர். நீரிழிவு, இரத்தக் கொதிப்பு முதலிய நோய்களுக்கு இவ்விறைச்சி மருந்தாகும் என்ற விளம்பரங்களும் பெருகியுள்ளன. கொழுப்புக் குறைந்த, புரதம் மிகுந்த இறைச்சி என்பதற்கு மேல் இத்தகைய கூற்றுக்களுக்குப் போதிய மருத்துவச் சான்று இல்லை. கள ஊழியர்கள் இவ்விளம்பரங்களைத் தம் வாயால் திரும்பச் சொல்லாதிருத்தல் நன்று. மருந்து என்று நம்பி வாங்கியவர்கள் ஏமாற்றமடைந்து விலகும்போது, அதன் இழப்பு இறுதியில் ஜாபுவாவின் குடிசைகளையே சேரும்.

புவிசார் குறியீடு இதற்குப் பரிகாரமாகாதா எனில், ஓரளவுக்கே ஆகும். அது பெயருக்கு அளித்த காப்பு. அதுவும் இறைச்சியின் பெயருக்கு. இன்ன பறவைக்கு இன்ன தாய், இன்ன தந்தை என்று எழுதி வைப்பது அதன் வேலையன்று. கர்னாலிலுள்ள தேசியக் கால்நடை மரபு வள நிலையம் நாட்டின் கோழியினங்களில் இருபதளவை இதுகாறும் பதிவு செய்துள்ளது. அவற்றுள் கடக்நாத்தும் ஒன்று. அப்பதிவும் இனம் ஒன்று உண்டு என்பதை நிலைநாட்டுவதேயன்றி, ஒவ்வொரு முற்றத்திலும் மேய்வது அவ்வினமே என்பதை நிலைநாட்டுவதாகாது.

இத்தனை பாடுபட்டு ஓர் எளிய கோழியைத் தூயதாகக் காக்கவேண்டுவது ஏன் என்று கேட்போரும் உளர். இக்கேள்விக்கு உணர்ச்சியால் விடை கூறுவது எளிது. ஆயினும் அது போதாது. கோழியின் வரலாற்றிலேயே ஒரு நல்ல விடை இருக்கிறது. உலகெங்கும் பண்ணைக் கோழிகளின் கால் மஞ்சளாயிருப்பதை யாவரும் அறிவர். வீட்டுக்கோழியின் முதன்மையான மூதாதை தென்கிழக்காசியப் பகுதியின் செங்காட்டுக் கோழியே. ஆனால் அம்மஞ்சள் தோலுக்குரிய ஜீன் அதனிடமிருந்து வந்ததன்று, மேற்குத் தொடர்ச்சி மலை முதலிய தென்னிந்தியக் காடுகளில் வாழும் சாம்பல் நிறக் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008-இல் கண்டறிந்தனர். தென்னாட்டுக் காட்டுப் பறவை ஒன்றின் ஜீன் உலகத்துப் பண்ணைகளிலெல்லாம் பரவப் போகிறது என்பதை, அக்கலப்பு நேர்ந்த காலத்தில் எவரும் அறிந்திருக்க இயலாது. எந்த ஜீன் எக்காலத்தில் வேண்டப்படும் என்பதை முன்னறிய வழியில்லை. முன்னறிய வழியில்லாதபோது, இருப்பதை இருந்தபடி வைத்திருப்பதே அறிவுடைமை. இன்றைய பண்ணைக் கோழி மிகச் சில வமிசங்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டது. வெப்பம் மிகும் காலத்திலோ, புதிய நோயொன்று தோன்றும் காலத்திலோ, அதற்கு வேண்டிய ஜீன் அவ்வமிசங்களுக்குள்ளேயே இருக்கும் என்பதற்கு உறுதி யாதுமில்லை.

விந்தை உறையவைத்து வங்கியில் சேமித்தால் போதுமே என்ற வாதமும் எழுவதுண்டு. மாடுகளுக்கு இது பெரிதும் பயன்பட்டது. கோழியிலோ, உறைந்த விந்து உருகியபின் கருவுறும் திறன் மிகக் குறைந்துவிடுகிறது. அன்றியும், பெட்டைக்கே உரிய பால் குரோமோசோம் விந்தில் இராது. முட்டையையோ, ஓட்டுக்குள் வளரும் கருவையோ உறையவைத்து மீட்க முடியாது. கருவின் ஆதி இனச் செல்களை உறையவைத்து, வேறு கோழிகளை மாற்றுப் பெற்றோராகக் கொண்டு இனத்தை மீட்கும் முறை ஆய்வுக்கூடங்களில் வெற்றி கண்டிருக்கிறது; எனினும், இன்றைக்கு அதனை நம்பிக் கிராமத்து மந்தையைக் கைவிடுவது விவேகமாகாது. கோழியினம் வாழ்வது இன்றளவும் உயிருள்ள கோழிகளிலேயே.

உயிருள்ள மந்தையைக் காப்பதில் ஒரு கணக்கு முக்கியமானது. கள ஊழியர் ஒவ்வொருவரும் அதனை மனத்தில் இருத்துதல் வேண்டும். ஒரு மந்தையில் எத்தனை பறவைகள் உள்ளன என்பது வேறு. பாரம்பரியத்தைப் பொறுத்தவரை அது எத்தனை பறவைகளுக்குச் சமம் என்பது வேறு. சேவல்களின் எண்ணிக்கையைப் பெட்டைகளின் எண்ணிக்கையால் பெருக்கி, அதனை மேலும் நான்கால் பெருக்கி, வந்ததை மொத்தப் பறவைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் இப்பயனெண் கிடைக்கும். நூறு பெட்டைகளும் இரண்டே சேவல்களும் உள்ள மந்தையின் பயனெண் 8-க்கும் குறைவு. அதே நூறு பெட்டைகளுக்குப் பத்துச் சேவல்கள் இருந்தால் அது 36 ஆகிறது. அறுபது பெட்டைகளும் இருபது சேவல்களும் இருந்தால் சரியாக 60. ஆக, 80 பறவைகள் கொண்ட மந்தை, 102 பறவைகள் கொண்ட மந்தையைக் காட்டிலும் ஏழு மடங்குக்கு மேல் பாரம்பரியச் செல்வத்தைக் காக்கவல்லது. முதல் மந்தையில் உட்கலப்பு தலைமுறைக்கு ஆறு சதவீதத்துக்கு மேலாக ஏறும். கடைசி மந்தையில் ஒரு சதவீதத்தையும் எட்டாது. இப்பயனெண் ஐம்பதுக்குக் குறையலாகாது என்பது உலக உணவு விவசாய ஸ்தாபனத்தின் பரிந்துரை.

இக்கணக்கின் காரணத்தை வகுப்பில் புளியங்கொட்டைகளைக் கொண்டு விளக்கிவிடலாம். இரண்டு சேவல்கள் எந்த ஒரு ஜீனுக்கும் நான்கு படிகளுக்கு மேல் தாங்க முடியாது. பத்து வகையாக வர்ணம் தீட்டிய கொட்டைகளை ஒரு பையில் கலந்து, கண்ணை மூடி நான்கை மட்டும் எடுத்தால் எத்தனை வர்ணங்கள் தவறிப்போகின்றன என்பதை மாணவர்களே எண்ணிக் காண்பர். நாற்பது எடுத்துப் பார்க்கச் சொன்னால் வேற்றுமை விளங்கிவிடும்.

சிக்கனம் கருதும் பண்ணை சேவல்களைக் குறைக்கும். சேவல் முட்டையிடாது, தீனி தின்னும், ஒன்றோடொன்று போரிடும் என்பன அதற்குக் காரணங்கள். வியாபாரப் பண்ணைக்கு இவை தக்க காரணங்களே. ஆனால், இனத்தைக் காக்கும் பொறுப்பை ஏற்ற மந்தைக்கு இக்கணக்குப் பொருந்தாது. வழங்கிய குஞ்சுகளின் தொகையே ஆண்டறிக்கையில் முதலிடம் பெறுமாயின், சிறந்த பொரிப்பகமும் நாளடைவில் குஞ்சுகளைப் பெருக்கும் தொழிற்சாலையாகிவிடும். எத்தனை ஆயிரம் குஞ்சுகள் வெளியே சென்றன என்பதைக் காட்டிலும், அவை எத்தனை சேவல்களின் வழி வந்தவை என்பதே கேட்கத்தக்க கேள்வி. இக்கேள்வியைக் கேட்காத திட்டம் இனவிருத்தித் திட்டமாகாது. அது விநியோகத் திட்டமே.

மந்தையை ஓரிடத்தில் குவிப்பதும் தவறு. 2021 ஜனவரியில் ஜாபுவா ஜில்லாவிலேயே கடக்நாத் பண்ணை ஒன்றில் பறவைக் காய்ச்சல் புகுந்தது. இத்தகைய நோய் தோன்றியவிடத்து, எஞ்சிய பறவைகளையும் அழித்துவிடுவது சட்டப்படியான நடவடிக்கை. அரிய இனம் என்பதற்காக விலக்கு அளிப்பது எளிதன்று. ஆகவே, மூல மந்தை ஒன்றல்ல, ஒன்றுக்கொன்று தொலைவிலுள்ள பல இடங்களில் இருத்தல் வேண்டும். இதற்குப் பெரிய கட்டிடங்கள் தேவையில்லை. ஆறு ஊர்களைத் தேர்ந்து, ஒவ்வோர் ஊரிலும் பத்துப் பெட்டைகளும் மூன்று அல்லது நான்கு சேவல்களும் கொண்ட குடும்பங்களை ஏற்படுத்தலாம். பெண் குஞ்சுகள் பிறந்த ஊரிலேயே தங்கும். ஆண் குஞ்சுகள் முதல் ஊரிலிருந்து இரண்டாம் ஊருக்கும், இரண்டாவதிலிருந்து மூன்றாவதற்கும், இறுதியாக ஆறாவதிலிருந்து முதல் ஊருக்கும் செல்லும். பெண்ணை வேற்றூருக்குக் கொடுக்கும் மனித வழக்கத்துக்கு இது நேர்மாறு, அவ்வளவே. இச்சுழற்சியினால் உடன்பிறந்தவை கூடுவது தவிர்க்கப்படும். ஒவ்வொரு சேவலுக்குப் பதிலாக அதன் ஒரு மகனையும், ஒவ்வொரு பெட்டைக்குப் பதிலாக அதன் ஒரு மகளையும் வைத்துக்கொண்டால் மேற்சொன்ன பயனெண் இன்னும் கணிசமாக உயரும். வேண்டுவன கால் வளையங்களும், ஒரு குறிப்பேடும், சுழற்சியை ஆண்டுதோறும் தவறாது நடத்தும் ஊழியர் ஒருவருமே.

தேர்வில் மற்றோர் எச்சரிக்கை அவசியம். கடக்நாத்தில் முழுக்கருமை, பொன்வரி, வெள்ளிக்கோடு என மூவகை உண்டு. சந்தை முழுக்கருமையையே விரும்புகிறது. கழுத்தில் பொன்னிறம் ஓடிய சேவலைக் கலப்பு என்று எண்ணிக் கழிப்போர் இருக்கிறார்கள். கலந்த கரும்பெட்டையை இனத்தினுள் ஏற்று, கலவாத பொன்வரிச் சேவலை வெளியே தள்ளும் இத்தேர்வைக் காட்டிலும் தலைகீழான தேர்வு இருக்க முடியாது. மூவகையையும் விகிதம் குலையாது வைத்திருப்பதே மூல மந்தையின் கடமை.

கிராமத்துக் கோழியின் பலன் குறைவு என்று கருதி, வேற்றினச் சேவல்களை ஊருக்குள் விட்டு அதனைச் 'சீர்திருத்தும்' முறை ஒரு காலத்தில் நாடெங்கும் கையாளப்பட்டது. வெள்ளை லெகார்னும், ரோட் ஐலண்டு ரெட்டும் அவ்வாறு பரவின. முட்டை பெருகியது உண்மை. உள்நாட்டு இனங்கள் பல கலங்கியதும் உண்மை. கடக்நாத்தின் தாயகத்தில் அவ்வழி தேவையே இல்லை. அங்கே பலனைக் குறைப்பது பெரும்பாலும் பாரம்பரியமன்று. முதல் சில வாரங்களில் குஞ்சுகள் குளிராலும், கீரி, பருந்து முதலியவற்றாலும், ராணிக்கெட் நோயாலும் மடிவதே. காலத்தில் இட்ட தடுப்பூசியும், இரவில் அடைக்க ஒரு கூடும், குஞ்சுகளுக்கு ஒரு பிடி நொய்யும் செய்யும் நன்மையைக் கலப்புச் சேவல் செய்யாது.

இவையெல்லாம் நடைபெற, தூய சேவலை வைத்திருப்பவனுக்கு அதனால் ஊதியம் இருத்தல் வேண்டும். இப்பொழுது அவன் பெறுவது இறைச்சி விலையே. கருங்கலப்பை வைத்திருப்பவனும் அதே விலையைப் பெறுகிறான். வளையமிட்டுப் பதிவு செய்த சேவலுக்கு, இறைச்சி விலைக்கு மேற்பட்ட ஒரு தொகையைச் சர்க்கார் ஆண்டுதோறும் அளிப்பது பெருஞ்செலவாகாது; இருநூறு சேவல்களே போதும். பழங்குடி மக்கள் இவ்வினத்தைச் சர்க்காரின் உதவியின்றியே இத்தனை காலம் காத்து வந்தவர்கள். அவர்களைக் குஞ்சு பெறும் பயனாளிகள் என்று மட்டும் ஏட்டில் எழுதுவது பொருந்தாது. மூல மந்தையின் உடைமையாளர் என்றே எழுதவேண்டும்.

சேவல்களைத் தேர்ந்து வளையமிடும் பணிக்குரிய காலத்தையும் குறிப்பிடுதல் தகும். தீபாவளியை ஒட்டி இம்மக்கள் தம் தெய்வத்துக்குச் சேவல் பலியிடுவது மரபு. நல்ல தோற்றமுடைய சேவலையே அதற்கெனத் தேர்வர். இவ்வழக்கத்தில் தலையிட வேண்டியதில்லை. மழைக்காலம் முடிந்தவுடன் ஊர்ப் பெரியவர்களைக் கண்டு, எந்தெந்தச் சேவல்கள் அவ்வாண்டு இனத்துக்கு வேண்டும் என்பதை அவர்களோடு அமர்ந்து முடிவு செய்து வளையமிட்டுவிடலாம். தீபாவளிக்குப் பின் சென்று தேடினால் எஞ்சியிருப்பவை இரண்டாந்தரச் சேவல்களே.